ஹெபடைடிஸ் சி மருந்தும் ஈரல் புற்றுநோய் அபாயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது பெரும்பாலும் அவர் எதிர்பாராத இடத்தில்தான் தெரியவரும். இரத்ததானம் கொடுக்கப் போனபோது, டயலிசிஸ் தொடங்குவதற்கு முன், வெளிநாடு போவதற்கான மருத்துவச் சோதனையில் என்று ஏதோ ஒரு வழியில் வெளிவரும். சிலவேளை லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் அண்ணருக்குக் கண்டுபிடித்த பிறகு இங்கே இருப்பவர்களுக்கும் பயம் பிடிக்கும். முதல் கேள்வி செங்கமாரி பற்றியதாக இருக்கும். இரண்டாவது கேள்வி எப்போதும் புற்றுநோய் பற்றியது. இந்தப் பக்கத்தில் இரண்டாவதற்குத்தான் கூடுதல் இடம்.

ஹெபடைடிஸ் சி எண்டால் செங்கமாரிதானே?

இல்லை. செங்கமாரி ஓர் அறிகுறி. அதற்குக் காரணம் பல. அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருகிற ஹெபடைடிஸ் ஏ கண்ணை மஞ்சளாக்கி, சில வாரங்களில் தானாகவே போய்விடும். சி அப்படி இல்லை. இரத்தத்தால் தொற்றுகிற வைரஸ் அது. தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்குக் கண் மஞ்சளாவதே கிடையாது, காய்ச்சல் கூட வராது. 10 பேருக்குத் தொற்றினால் ஏறத்தாழ 3 பேர் ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே வைரஸை விரட்டிவிடுவார்கள். மிச்சம் 7 பேருக்கு அது நாட்பட்ட நோயாக ஈரலில் தங்கிவிடும். இருபது, முப்பது வருடம் ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கும்.

இந்த வைரஸை அடையாளம் கண்டது 1989 இல். அந்த வேலைக்காக ஹார்வி ஓல்டர், மைக்கேல் ஹூட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 1989 க்கு முன் உலகத்தில் எந்த இரத்த வங்கியிலும் இந்த வைரஸுக்கான சோதனை இருந்திருக்க முடியாது என்பதையும் இதோடு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வைரஸ் எப்படிப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகுது?

ஹெபடைடிஸ் பி வைரஸ் ஈரல் கலத்தின் டி.என்.ஏ. க்குள்ளேயே போய்ச் செருகிக்கொள்ளும். அதனால் ஈரல் பெரிதாகக் கெடாமலே புற்றுநோய் வரலாம். சி ஓர் ஆர்.என்.ஏ. வைரஸ். அது நம் டி.என்.ஏ. க்குள் நுழைவதில்லை. அது புற்றுநோயை உண்டாக்குவது பெரும்பாலும் சுற்றுவழியால். ஈரலில் ஓயாத அழற்சி, கலங்கள் சாவதும் புதிதாய் முளைப்பதுமாக வருடக்கணக்கு, அதன் தழும்புகள் சேர்ந்து சேர்ந்து ஈரல் இறுகிப்போதல். அந்தக் கடைசி நிலைதான் சிரோசிஸ். நாட்பட்ட தொற்றுள்ளவர்களில் 15 முதல் 30 சதவீதமானோருக்கு இருபது வருடத்துக்குள் சிரோசிஸ் வரலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. அப்படி வந்த பிறகு சிகிச்சையில்லாமல் விட்டால், வருடத்துக்கு 100 பேரில் ஒருவருக்கிருந்து நாலைந்து பேர் வரை ஈரல் புற்றுநோய் தோன்றும்.

ஆகவே சி வைரஸ் உள்ளவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி “வைரல் லோட் எவ்வளவு?” அல்ல. “ஈரல் எந்த அளவுக்குத் தழும்பேறியிருக்கிறது?” என்பதுதான். வைரஸின் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் நோய் பெரிதென்று பலர் பயப்படுகிறார்கள். அந்த எண்ணுக்கும் ஈரலின் நிலைக்கும் பெரிய தொடர்பு கிடையாது.

தழும்பு இருக்கோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? ஊசி போட்டு ஈரலிலை துண்டு எடுக்க வேணுமோ?

இப்போது பெரும்பாலும் தேவையில்லை. ஈரலின் இறுக்கத்தை வெளியிலிருந்தே அளக்கிற ஃபைப்ரோஸ்கான் கருவி இருக்கிறது. அதுவும் கிடைக்காத இடத்தில், சாதாரண இரத்தச் சோதனையில் வருகிற எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். அதற்கு ஃபிப்-4 என்று பெயர். ஈரல் கெடும்போது இரத்தத்தில் கூடுகிற ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரண்டு நொதிகளின் எண்கள் இதற்கு வேண்டும். வயதை ஏ.எஸ்.டி. யால் பெருக்கி, அதை இரத்தத்தட்டு எண்ணிக்கையாலும் ஏ.எல்.டி. யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். 1.45 க்குக் கீழே வந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 3.25 க்கு மேலே போனால் சிரோசிஸ் அல்லது அதற்கு அண்மித்த நிலை என்று சந்தேகிக்க வேண்டும். இடையில் வந்தால் மேலதிக சோதனை வேண்டும். உங்கள் பழைய ரிப்போட்டுகளை எறியாமல் வைத்திருங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கட பக்கம் இந்த வருத்தம் கூடவோ? ஆர் ஆர் சோதிக்க வேணும்?

இலங்கையில் ஹெபடைடிஸ் சி குறைவு. ஈரல் புற்றுநோயோடு வருகிற நம் நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு வைரஸே இருப்பதில்லை. மதுசாரமும், நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்த கொழுப்பு ஈரலும்தான் இங்கே முன்னுக்கு நிற்கின்றன. இதை மறைத்து, வைரஸ்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதினால் அது பொய்.

ஆனால் குறைவு என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது. இரத்த வங்கிகளில் சோதனை வருவதற்கு முன் இரத்தம் ஏற்றப்பட்டவர்கள், சின்ன வயதிலிருந்தே இரத்தம் ஏற்றி வரும் தலசீமியா நோயாளிகள், டயலிசிஸ் செய்பவர்கள், போதைப்பொருளை ஊசியால் ஏற்றியவர்கள், சுத்தம் தெரியாத இடத்தில் பச்சை குத்தியவர்கள், தொற்றுள்ள தாய்க்குப் பிறந்தவர்கள் என்று இவர்கள் ஒருமுறையாவது பார்த்துக்கொள்வது நல்லது. காரணம் தெரியாமல் ஏ.எல்.டி. கூடியிருப்பவர்களும்தான். ஒரே ஊசியைக் கொதிக்கவைத்துப் பலருக்குப் போட்ட காலத்தில் வாழ்ந்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டால், தயங்காமல் சோதித்துவிடலாம்.

அன்டிபொடி பொசிட்டிவ் எண்டு வந்திருக்கு. அப்ப எனக்கு நோய் இருக்குதோ?

அன்டிபொடி என்பது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற புரதம். அது வைரஸ் ஒருகாலத்தில் உடம்புக்குள் வந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். இப்போதும் இருக்கிறதா என்பதைச் சொல்வது, இரத்தத்தில் வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனை. அது நெகட்டிவ் என்றால் சிகிச்சை தேவையில்லை. முதல் ரிப்போட்டைக் கண்டே வீட்டில் தட்டையும் கோப்பையையும் வேறாக்கி வைப்பது வீண் கொடுமை.

மருந்து எண்டால் அந்த ஊசிதானே? ஒரு வருசம் போட வேணுமாம், மயிர் எல்லாம் கொட்டுமாம்.

நீங்கள் கேள்விப்பட்டது இன்ரபெரோனைப் பற்றி. அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்ரபெரோன் ஊசியும் ரிபாவிரின் குளிசையுமாக 24 அல்லது 48 வாரம். காய்ச்சல், மனச்சோர்வு, இரத்தக்குறைவு என்று எல்லாவற்றையும் தாங்கியும், வைரஸின் முதலாம் மரபுவகை உள்ளவர்களில் பாதிப்பேருக்குக் கூடக் குணமாவது நிச்சயமில்லை. சிரோசிஸ் முற்றியவர்களுக்கு அதைக் கொடுக்கவே முடியாது. அதாவது மருந்து யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே கிடைக்காத நிலை.

2013 இன் கடைசியில் அமெரிக்காவில் சொபோஸ்புவிர் அனுமதி பெற்றது. பிறகு டக்லடாஸ்விர், லெடிபாஸ்விர், 2016 இல் வெல்பாடாஸ்விர் என்று வரிசையாக வந்தன. இவை வைரஸ் பெருகுவதற்குத் தேவையான புரதங்களையே நேரடியாகத் தடுப்பவை. பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு குளிசை, 12 வாரம். 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். பக்கவிளைவு என்று பார்த்தால் தலையிடி, களைப்பு, கொஞ்சம் ஓங்காளம்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சொபோஸ்புவிர் அமெரிக்காவில் வந்தபோது ஒரு குளிசை 1000 டொலர், முழுச் சிகிச்சை 84,000 டொலர். இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று ஜெனெரிக் மருந்து செய்யத் தொடங்கிய பிறகு, சில நாடுகளில் முழுச் சிகிச்சையும் 60 டொலர் அளவுக்கு இறங்கிவிட்டது. கனடாவில் யாரோ சொன்ன விலையைக் கேட்டு இங்கே மனமுடைந்து போகாதீர்கள்.

குணமாகிறது எண்டால் என்ன? சீனி வருத்தம் மாதிரி வாழ்நாள் முழுக்க மருந்தோ?

இல்லை. நாட்பட்ட வைரஸ் நோய்களில் முழுதாக அழிக்கக்கூடியது இது ஒன்றுதான் என்றே சொல்லலாம். எச்.ஐ.வி. யையும் ஹெபடைடிஸ் பி யையும் அடக்கி வைக்கிறோம், சி யை வெளியேற்றுகிறோம். கடைசிக் குளிசை எடுத்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. சோதனை செய்து, வைரஸ் தென்படாவிட்டால் குணம். மருத்துவர்கள் இதை எஸ்.வி.ஆர். என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள்.

சரி, விசயத்துக்கு வாருங்கோ. மருந்து எடுத்தால் புற்றுநோய் வராதோ?

வருகிற வாய்ப்பு வெகுவாகக் குறையும். முற்றாக இல்லாமல் போகாது. இந்த இரண்டு வசனத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

எவ்வளவு குறையும் என்பதற்கு ஓரளவு நம்பக்கூடிய எண்கள் இருக்கின்றன. அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் புதிய குளிசைகள் எடுத்த 22,500 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017 இல் ஓர் ஆய்வு வந்தது. வைரஸ் போனவர்களில் வருடத்துக்கு 100 பேரில் 0.90 பேருக்கும், போகாதவர்களில் 3.45 பேருக்கும் ஈரல் புற்றுநோய் வந்தது. வயது, சிரோசிஸ் முதலிய வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தாலும் 70 சதவீதத்துக்கு மேல் குறைவு. அதே மருத்துவமனைகளின் 62,354 பேரைப் பற்றிய அடுத்த ஆய்வு 2018 இல் வந்தது. அதிலும் புதிய மருந்தால் குணமானவர்களிடம் 71 சதவீதக் குறைவு. பழைய இன்ரபெரோனால் குணமானவர்களிடமும் ஏறத்தாழ அதே அளவு. எந்த மருந்தால் வைரஸ் போனது என்பது முக்கியமில்லை. போனதா என்பதுதான் முக்கியம்.

இவை அவதானிப்பு ஆய்வுகள். குளிசையையும் வெறும் மாவுருண்டையையும் பிரித்துக் கொடுத்து இருபது வருடம் காத்திருந்து பார்த்தவை அல்ல. நல்ல மருந்து கையில் இருக்கும்போது அப்படி ஒரு பரிசோதனையை மனச்சாட்சியுள்ள எவரும் செய்யமாட்டார்கள். அதனால் 71 என்ற எண்ணைக் கல்வெட்டு மாதிரிப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு மருந்துகளோடு, விடை திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாய்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்துச் சான்றும் ஒன்று உண்டு. வைரஸ் போகாதவர்களுக்குக் குறைந்த அளவு இன்ரபெரோனை மூன்றரை வருடம் தொடர்ந்து கொடுத்தால் ஈரலாவது தப்புமா என்று அமெரிக்காவில் 1050 பேரிடம் பார்த்தார்கள். 2008 இல் முடிவு வந்தது: அந்தக் காலத்துக்குள் பலனில்லை. வைரஸை அரைகுறையாக அடக்குவது போதாது.

கனடாவிலை இருக்கிற தமையன் சொல்லுறார், இந்தப் புதுக் குளிசை புற்றுநோயைக் கூட்டுமாம் எண்டு. உண்மையோ?

அவர் இல்லாததைச் சொல்லவில்லை, பழையதைச் சொல்கிறார். 2016 இல் ஸ்பெயினில் ஒரு மருத்துவக் குழு, ஏற்கெனவே ஈரல் புற்றுநோய் வந்து அகற்றப்பட்ட 58 பேருக்குப் புதிய குளிசை கொடுத்ததில் 16 பேருக்குப் புற்றுநோய் திரும்பியதாக எழுதியது. வைரஸ் திடீரென்று போனதும் உடம்பின் காவல் தளர்கிறதோ என்ற சந்தேகம் உலகம் முழுக்கப் பரவியது. பத்திரிகைகளும் விடவில்லை.

அந்த 58 பேரோடு ஒப்பிட்டுப் பார்க்க மருந்து எடுக்காத இன்னொரு கூட்டம் அந்த ஆய்வில் இல்லை. ஈரல் புற்றுநோய் ஒருமுறை வந்தவர்களுக்கு, என்ன செய்தாலும், திரும்பி வருவது வழக்கம். அதோடு இன்ரபெரோன் தாங்காத முதியவர்களும் சிரோசிஸ் முற்றியவர்களும் முதல்முறையாக மருந்து பெற்ற காலம் அது. அவர்களுக்கு அபாயம் முன்பே அதிகம். 2019 இல் பிரான்சிலிருந்து ஏறத்தாழ 10,000 நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வு வந்தது. மருந்து எடுத்தவர்களிடம் புற்றுநோயும் குறைவு, சாவும் குறைவு. இன்றைக்கு இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு மருந்தைத் தள்ளிப்போடுவது தவறு.

ஏற்கெனவே ஈரலிலை புற்றுநோய் இருக்கிற ஆள் இந்த மருந்தை எடுக்கலாமோ?

எடுக்கலாம், ஆனால் எப்போது என்பதைச் சிகிச்சை தரும் குழுதான் முடிவுசெய்யும். கட்டியைக் குணமாக்க வழி இருந்தால் வழக்கமாக முதலில் கட்டி, பிறகு வைரஸ். கட்டி உயிரோடு இருக்கும்போது மருந்து கொஞ்சம் குறைவாகவே வேலை செய்யும்.

வைரஸ் போட்டுது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். பிறகும் ஏன் ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஸ்கான்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால், இதை வாசியுங்கள்.

கூரை வளையில் ஏறிய கறையானை மருந்தடித்துக் கொன்றுவிடலாம். அரித்த வளை அதனால் பழையபடி உருண்டு திரளாது. சிரோசிஸ் வந்த பிறகு வைரஸ் போனவரின் நிலை ஏறத்தாழ இதுதான். உயிருள்ள ஈரல் மரத்தைவிட மேல்: வருடங்கள் போகப்போகத் தழும்பு கொஞ்சம் கரையும், சிலருக்கு நன்றாகவே கரையும். ஆனால் தழும்பேறிய ஈரலில் புற்றுநோய்க்கான விதை முன்பே விழுந்திருக்கலாம். மேலே சொன்ன 2017 ஆய்வில், வைரஸ் போனவர்களிலேயே சிரோசிஸ் இருந்தவர்களுக்கு வருடத்துக்கு 100 பேரில் 1.82 பேருக்குப் புற்றுநோய். சிரோசிஸ் இல்லாதவர்களில் 0.34. ஒரே மருந்து, ஒரே குணம், ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

குணமான செய்தி கிடைத்ததும் கிளினிக்குக்குப் போவதை நிறுத்துகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. வைரஸ் இருந்த காலத்தில் ஒழுங்காகப் போனவர்கள், போன பிறகு “இனி என்னத்துக்கு” என்று விடுகிறார்கள். ஈரல் புற்றுநோய் சின்னதாக இருக்கும்போது வலிக்காது. வயிறு வீங்கி, மெலிந்து, வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதே கட்டி மூன்று சென்றிமீற்றருக்குள் இருக்கும்போது தெரிந்தால் வெட்டி அகற்றலாம், ஊசி வழியே சூடேற்றி எரிக்கலாம், தகுதியிருந்தால் ஈரல் மாற்றலாம்.

ஏன் ஆறு மாதம்? ஈரல் புற்றுக்கட்டி இரு மடங்காவதற்குச் சராசரியாகச் சில மாதங்கள் எடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் தப்பவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்ததில் கூடுதல் நன்மை தெரியவில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கானோடு ஏ.எப்.பி. என்ற இரத்தச் சோதனையையும் சேர்த்தால் சின்னக் கட்டிகள் கூடுதலாகப் பிடிபடும். ஸ்கான் மட்டும் செய்தால் ஆரம்பக் கட்டிகளில் பாதியளவு கண்ணில் படாமல் போகலாம், முக்கியமாக உடல் பருத்தவர்களில்.

எத்தினை வருசத்துக்கு? எல்லாருக்கும் வேணுமோ?

சிகிச்சைக்கு முன் சிரோசிஸ் இருந்தவர்களுக்கு, இன்றைய நிலையில், வாழ்நாள் முழுக்க. ஐந்து வருடம் கழித்தும் அபாயம் நின்றுவிடுவதில்லை. சிரோசிஸுக்கு ஒரு படி முந்திய தழும்பு உள்ளவர்களுக்கும் தொடரச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டல். தழும்பு இல்லாமலோ கொஞ்சமாகவோ இருக்கும்போதே வைரஸ் போனவர்களுக்கு இந்த ஸ்கான் தேவையில்லை. அவர்கள் நிம்மதியாக இருக்கலாம், காசையும் நாளையும் மிச்சம் பிடிக்கலாம். சீக்கிரம் சிகிச்சை எடுப்பதன் உண்மையான இலாபம் அங்கேதான் இருக்கிறது.

ஸ்கானிலை “ஏதோ தெரியுது” எண்டு எழுதியிருக்கு. புற்றுநோயோ?

கட்டாயம் அப்படியில்லை. ஒரு சென்றிமீற்றருக்குக் குறைந்ததென்றால் மூன்று மாதத்தில் மீண்டும் பார்ப்பார்கள். பெரிதென்றால் மருந்து ஏற்றி எடுக்கும் சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. சிரோசிஸ் உள்ளவர்களில் அந்தப் படத்தின் தன்மையை வைத்தே, துண்டு எடுக்காமல், முடிவு சொல்லக்கூடிய சந்தர்ப்பங்கள் பல. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலிருந்து தெல்லிப்பளைப் புற்றுநோய்ப் பிரிவுக்கோ கொழும்புக்கோ அனுப்பினால், பழைய ஸ்கான் படங்களையும் ரிப்போட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். போன வருடம் அது இருந்ததா இல்லையா என்பது அங்கே முதலில் கேட்கப்படும்.

ஹெபடைடிஸ் பி யும் சேர்ந்திருந்தால்?

சி க்கு மருந்து தொடங்குவதற்கு முன் பி க்கான சோதனை கட்டாயம். சி போனதும் அதுவரை அடங்கியிருந்த பி கிளம்பி ஈரலைக் கடுமையாகத் தாக்கலாம். 2016 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதற்காகவே இந்த மருந்துகள் எல்லாவற்றிலும் எச்சரிக்கை போட வைத்தது. பி இல்லாதவர்கள் அதற்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். சி க்குத் தடுப்பூசி இதுவரை இல்லை.

நான் பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை போடுறன். சேர்த்து எடுக்கலாமோ?

பெரும்பாலும் எடுக்கலாம், ஆனால் நீங்கள் எடுக்கும் எல்லாவற்றையும் எழுதிக் காட்டுங்கள். இதயத் துடிப்புக்கான அமியோடரோனோடு சொபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வலிப்புக்கான பினிற்றோயின், கார்பமசபின், சயரோகத்துக்கான ரிபாம்பிசின் மூன்றும் மருந்தின் அளவை இரத்தத்தில் இறக்கிவிடும். வயிற்று எரிவுக்குப் பலர் தாங்களாகவே பார்மசியில் வாங்கிப் போடுகிற ஒமிப்பிரசோல் கூட வெல்பாடாஸ்விர் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வைரஸ் குறையும்போது இரத்தச் சீனியும் குறையலாம். ஆகவே இன்சுலின் எடுப்பவர்கள் தலைசுற்று, வியர்வை வந்தால் கவனிக்க வேண்டும்.

கீழாநெல்லி?

சாதாரண செங்கமாரி தானாகவே மாறும். மாறும்போது யார் என்ன கொடுத்திருந்தாரோ அவருக்குப் பெயர் போகும். கீழாநெல்லி ஹெபடைடிஸ் சி வைரஸை அழித்ததற்குச் சான்று இல்லை. அதைவிட எனக்குப் பயம், உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத சூரணங்களும் பொடிகளும். ஏற்கெனவே கெட்ட ஈரலுக்கு அவை இன்னொரு அடி. அந்த 12 வாரமாவது விட்டுவிடுங்கள்.

பனங்கள்ளு இயற்கையானதுதானே? கொஞ்சம் குடிக்கலாமோ?

அதில் இருப்பதும் மதுசாரம்தான். சிரோசிஸ் இருந்தவருக்குக் கள்ளு, சாராயம், பியர் எதுவுமே வேண்டாம். வைரஸ் போன பிறகும் புற்றுநோய் அபாயத்தைத் தூக்கிப் பிடிப்பவை மதுசாரமும், கட்டுப்பாடில்லாத நீரிழிவும், கொழுப்பு ஈரலும். குடிக்க வேண்டுமென்றால் கோப்பி குடியுங்கள், சீனியைக் குறைத்து. கோப்பி குடிப்பவர்களில் ஈரல் புற்றுநோய் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

வீட்டிலை மற்ற ஆக்களுக்குத் தொத்துமோ? பிள்ளை பெறலாமோ?

ஒன்றாகச் சாப்பிடுவதாலும் கட்டிப்பிடிப்பதாலும் தொற்றாது. சவரக்கத்தி, நகவெட்டி, பற்தூரிகை மட்டும் தனியாக இருக்கட்டும். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தாறு. தாய்ப்பால் கொடுக்கலாம், முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்த வேண்டும். பிள்ளை பெற விரும்புகிறவர்கள் முதலில் சிகிச்சையை முடித்துக்கொள்வதே நல்லது. ரிபாவிரின் சேர்ந்த சிகிச்சையை மனைவி எடுத்தால் அது முடிந்தும் ஒன்பது மாதமாவது கருத்தரிக்கக் கூடாது. கணவன் எடுத்தால் ஆறு மாதமாவது.

ஒருக்கா குணமானால் திரும்ப வராதோ? இரத்தம் குடுக்கலாமோ?

திரும்பத் தொற்றலாம். ஒருமுறை வந்தது பாதுகாப்புத் தராது. அன்டிபொடி வாழ்நாள் முழுக்கப் பொசிட்டிவாகவே இருக்கும் என்பதால் இரத்ததானத்துக்கு உங்களை எடுக்கமாட்டார்கள். அதே காரணத்தால், நாளைக்கு வேறொரு சத்திரசிகிச்சைக்குப் போகும்போது யாரோ ஒரு மருத்துவர் அன்டிபொடி ரிப்போட்டைப் பார்த்துவிட்டு உங்களை மறுபடியும் நோயாளியாக்கக்கூடும். சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்துச் செய்த ஆர்.என்.ஏ. ரிப்போட்டின் பிரதியையும், சிகிச்சைக்கு முன் ஈரல் எந்த நிலையில் இருந்தது என்ற ஃபைப்ரோஸ்கான் அல்லது ஃபிப்-4 எண்ணையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.